வெட்டாமல் சீவுங்கள்: நார்வேயின் பழுப்புப் பாலாடைக்கட்டி பற்றி வாசகர் கேள்விகள்

நார்வே மக்களின் காலை உணவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அவர்களுடைய பழுப்புப் பாலாடைக்கட்டியான புரூனோஸ்ட்டை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: கணவரின் வேலை காரணமாக மூன்று மாதங்களுக்கு முன் ஓஸ்லோவுக்குக் குடிவந்தோம். பக்கத்து வீட்டு அம்மா வரவேற்பாக ஒரு சதுரக் கட்டியைக் கொடுத்து, “இது எங்கள் சீஸ்” என்றார். வழக்கமான சீஸைப் போலவே விரல் தடிமனுக்கு வெட்டி, ரொட்டிக்குள் வைத்துக் கடித்தேன். இனிப்பும் உப்புமாக, அண்ணத்தில் அப்பிக்கொண்டு, ஒருமாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் துப்பியேவிட்டார்கள். எங்கே தவறினேன்?
— வாசகி, ஓஸ்லோ

பதில்: தவறு உங்கள் நாக்கிலும் இல்லை, அந்த அம்மா கொடுத்த கட்டியிலும் இல்லை, கத்தியில் இருக்கிறது. புரூனோஸ்ட்டை விரல் தடிமனுக்கு வெட்டித் தின்பவரை நார்வேயில் நான் பார்த்ததில்லை. மறுபக்கத்து வெளிச்சம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகச் சீவி, வெண்ணெய் தடவிய ரொட்டியின்மேல் ஒன்றோ இரண்டோ சீவல்களைப் படியவைத்து, மேலே இன்னொரு ரொட்டியை வைத்து மூடாமல், திறந்தபடியே சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். மெல்லிய சீவல் நாக்கில் பட்டவுடன் இளகத் தொடங்குகிறது. முதலில் பால் இனிப்பும், பின்னால் மெல்லிய உப்பும், கடைசியில் ஆட்டுப்பாலின் ஒரு கூர்மையும் வரிசையாக வந்து போகும். தடித்த துண்டில் இவை மூன்றும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. அதைத்தான் நீங்கள் “ஒருமாதிரி” என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “சீஸ்” என்ற சொல்லைக் கேட்டவுடனே உங்கள் நாக்கு உப்பையும் புளிப்பையும் எதிர்பார்த்துத் தயாராகிவிட்டது. அந்த எதிர்பார்ப்பை ஒதுக்கிவிட்டு, இதை ரொட்டிக்குத் தடவும் ஜாமுக்கும் சீஸுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பண்டமாக நினைத்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை முயன்று பாருங்கள். பிள்ளைகளுக்கு முதலில் ரொட்டியில் கொடுக்காமல், மெல்லிய ஆப்பிள் துண்டின்மேல் ஒரு சீவலை வைத்துக் கொடுங்கள். ஆப்பிளின் புளிப்பும் நறநறப்பும் இந்த இனிப்பைச் சமன் செய்துவிடும். ரொட்டிக்குப் பழகிய பிறகு அதன்மேல் சிறிது ஸ்ட்ராபெர்ரி ஜாம் வைப்பதும் உண்டு. எனக்கு அது இனிப்பின்மேல் இனிப்பாகப் படுகிறது, ஆனால் அங்கே பலருக்கு அதுவே விருப்பம். அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளைகளே இதைப் பள்ளிக்குக் கட்டித் தரும்படி கேட்கக்கூடும். அப்போது ரொட்டித் துண்டுகளுக்கு இடையில் வைப்பதற்கென்றே அளவாக வெட்டிய மெழுகுத்தாள் அங்குள்ள கடைகளில் கிடைக்கும். அதை இடையில் வைக்காவிட்டால் சீவல் அடுத்த ரொட்டியின் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: உறையிலுள்ள பொருள் பட்டியலில் சர்க்கரை என்று தனியாக எதுவும் இல்லை. பிறகு இந்த இனிப்பும் பழுப்பு நிறமும் எங்கிருந்து வருகின்றன? நம்முடைய திரட்டுப்பாலைத்தான் இவர்கள் கட்டியாக்கிச் சீஸ் என்கிறார்களா?
— வாசகர், பேர்கன்

பதில்: நல்ல ஊகம், ஆனால் பாதிதான் சரி. திரட்டுப்பாலில் பால் முழுவதும் வற்றுகிறது. புரூனோஸ்ட்டிலோ, பாலின் பெரும்பகுதிப் புரதம் வேறொரு பாலாடைக்கட்டியாகத் திரண்டு வெளியேறிய பிறகு மிஞ்சுகிற தெளிநீர்தான் மூலப்பொருள். பாலை ரென்னெட் என்ற உறைபொருள் விட்டுத் திரைக்கும்போது கேசின் என்ற புரதமும் பெரும்பாலான கொழுப்பும் கட்டியோடு போய்விடுகின்றன. லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையும், எளிதில் கரையும் வேறு சில புரதங்களும் உப்புகளும் தெளிநீரில் தங்கிவிடுகின்றன. அந்தத் தெளிநீரில் 100க்கு 93 பங்குக்கும் மேல் தண்ணீர். பால்சர்க்கரை 5 பங்குக்கும் குறைவு. அதோடு பாலும் பாலேடும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிப் போக, 5 பங்குக்கும் குறைவாக இருந்த பால்சர்க்கரை இறுதிக் கட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்து நிற்கிறது. வெளியிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரைகூடச் சேராமல் இனிப்பு வருவது இப்படித்தான்.

நிறத்தைப் பற்றிக் கேட்டால், “பால்சர்க்கரை கருகிக் கேரமல் ஆகிறது” என்றே பலரும் சொல்வார்கள். சுருக்கமாகச் சொல்வதற்கு அது போதும். உண்மையில் பெரும்பங்கு வேலையைச் செய்வது, சூட்டில் பால்சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று வினைபுரிவதுதான். ரொட்டியின் மேலோடு சிவப்பதும் இதே வினையால்தான். காய்ச்சும் நேரம் கூடக்கூட நிறமும் சுவையும் அழுத்தமாகின்றன. பதம் வந்தவுடன் அப்படியே ஆறவிடக்கூடாது; ஆறும்போது விடாமல் கிளறிப் பிசைந்தால்தான் பால்சர்க்கரைப் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக அமைந்து கட்டி வழுவழுப்பாக இருக்கும். கிளறாமல் விட்டால் மணல்போல் நறநறக்கும். பிறகு அச்சில் அமுக்கி ஆறவைத்தால் வேலை முடிந்தது. மாதக்கணக்கில் பதப்படுத்திப் பழுக்கவைக்கும் தேவை இதற்கு இல்லை. இதனால்தான் இதைப் பாலாடைக்கட்டி என்று அழைக்கலாமா என்ற வாதம் நடக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும், கோடைக்கால மலைத் தொழுவங்களில் பாலையும் விறகையும் அளந்து செலவழித்த பெண்கள், மிச்ச நீரைக்கூடக் கொட்டாமல் உணவாக்கிய சாமர்த்தியத்திலிருந்து பிறந்தது இது.

அந்தப் பெண்களில் ஒருவருடைய பெயர் நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் தெளிநீரை மட்டும் காய்ச்சிச் செய்த கட்டி கொழுப்பின்றி வறண்டு இருந்தது. 1863 வாக்கில், குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன்னெ ஹூவ் என்ற இளம்பெண் அந்தக் கொதியில் பாலேட்டை ஊற்றிப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். கட்டி மிருதுவாக, கொழுமையாக வந்தது. தலைநகரில் நல்ல விலையும் கிடைத்தது. தானிய விலை சரிந்து மலைப்பண்ணைகள் தள்ளாடிய காலத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்கு இந்தக் கட்டி கைகொடுத்தது. 1933இல், தமது 87ஆம் வயதில், அவர் அரசரின் தகுதிப் பதக்கத்தைப் பெற்றார். பாலேட்டை ஊற்றியபோது அவருக்கு வயது 17 இருந்திருக்கும் என்பதை நினைத்தால், அந்தப் பதக்கம் வந்து சேர எடுத்துக்கொண்ட காலம்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கேள்வி: கடையில் நாலைந்து வகைகள் அடுக்கியிருக்கின்றன. எல்லாமே பழுப்புதான். முதல்முறை வாங்குபவர் எதை எடுக்க வேண்டும்?
— வாசகி, ஸ்டவாங்கர்

பதில்: மூன்றை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். குட்பிரான்ஸ்டால்ஸோஸ்ட் என்பது பசும்பால் தெளிநீரோடு பசும்பாலேடும் ஓரளவு ஆட்டுப்பாலும் சேர்ந்தது. நார்வே வீடுகளில் புரூனோஸ்ட் என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் நினைப்பார்கள். தீனெ என்ற பால் கூட்டுறவு விற்கும் கட்டியில் ‘ஜி35’ என்று குறிப்பு இருக்கும். தண்ணீரை நீக்கிப் பார்த்தால் மிஞ்சும் திடப்பொருளில் 100க்கு 35 பங்கு கொழுப்பு என்பது அந்த எண்ணின் பொருள். நார்வேக்கு வெளியே இதே கட்டி ‘ஸ்கி குவீன்’ என்ற பெயரில் விற்பனையாகிறது. இரண்டாவது, முழுக்க ஆட்டுப்பாலில் ஆன ‘எக்தெ யெய்ட்டோஸ்ட்’. எழுத்தில் ‘கெ’ என்று தொடங்குவதுபோலத் தெரிந்தாலும் நார்வே நாட்டார் ‘யெ’ என்றே உச்சரிக்கிறார்கள். கடையில் கேட்கும்போது இது உதவும். இதன் நிறமும் மணமும் அழுத்தமானவை. ஆட்டுப்பால் வாடை பழகாதவர்களுக்கு முதல் நாளே வேண்டாம். மூன்றாவது, பசும்பாலிலேயே ஆன ‘ஃப்ளோட்டெமீசோஸ்ட்’. நிறம் வெளிறியது, சுவை மென்மையானது.

ஓஸ்லோ வாசகியின் பிள்ளைகளுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். உங்களுக்கு முதலாவது. ஒரு மாதம் கழித்து இரண்டாவதைச் சிறிய கட்டியாக வாங்கிப் பாருங்கள். சாஸ் செய்வதற்கு அதற்கு இணை இல்லை.

கேள்வி: சீவும் கருவியைப் பிடிக்கவே தெரியவில்லை. சீவல் கிழிகிறது, ஒட்டுகிறது. போதாக்குறைக்கு, அலுவலகச் சாப்பாட்டு அறையில் நான் சீவி வைத்த கட்டியைப் பார்த்து ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.
— வாசகர், ட்ரோண்ட்ஹெய்ம்

பதில்: அந்த நண்பர் ஏன் தலையில் அடித்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும், நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். நான் தங்கியிருந்த வீட்டில், முதல் வாரம் முழுவதும் கட்டியின் நடுப்பகுதியிலேயே கருவியை இழுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரப் பாட்டி கட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, ஒன்றும் பேசாமல், உப்பு டப்பாவின் மூடியை அதன் உச்சியில் வைத்துக் கையை எடுத்தார். மூடி வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. பனிச்சறுக்குத் தாவலுக்கான சரிவுபோல நான் கட்டியைச் செதுக்கி வைத்திருந்தேன். ஒரு பக்கம் உயர்ந்து, நடுவில் குழிந்து கிடக்கும் கட்டி நார்வே வீடுகளில் ஒரு சிறு குற்றம். அடுத்து வருபவருக்கு ஒழுங்கான சீவல் கிடைக்காது என்பதுதான் காரணம்.

வழி எளியது. கட்டியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, ஒரே அழுத்தத்தில், நிறுத்தாமல் இழுக்க வேண்டும். இரண்டு மூன்று சீவலுக்கு ஒருமுறை கட்டியைத் திருப்பி எதிர்முனையிலிருந்து இழுத்தால் மேற்பரப்பு மட்டமாகவே இருக்கும். கட்டி குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு என்பார்களே, அதற்கு நேர்மாறாக, எடுத்த குளிரோடு இருக்க வேண்டும். அறைச்சூட்டில் இளகினால் கருவியில் ஒட்டிக் கிழியும். அப்படியும் ஒட்டினால் அலகைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு இழுங்கள். பள்ளமுள்ள அல்லது துளையிட்ட அலகோடு வரும் கருவிகளில் ஒட்டுவது குறைவு.

ஓஸ்தெஹோவெல் என்ற இந்தக் கருவியும் நார்வேயின் கண்டுபிடிப்புதான். லில்லெஹாமர் ஊரைச் சேர்ந்த தூர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர், மரத்தை இழைக்கும் இழைப்புளியின் தத்துவத்தையே பாலாடைக்கட்டிக்குக் கொண்டுவந்து, 1925இல் காப்புரிமை பெற்றார். குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கின் தெற்கு வாயிலில் இருக்கும் ஊர் லில்லெஹாமர். கட்டியும் கருவியும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவை என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: நார்வே வாஃபிளோடு இதைச் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அளவோடு செய்முறை தருவீர்களா?
— வாசகி, துரொம்ஸோ

பதில்: தருகிறேன். மூன்று முட்டையையும் 80 கிராம் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, 4 டெசிலிட்டர் (400 மில்லிலிட்டர்) பாலும் 240 கிராம் மைதாவும் மாறிமாறிச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைப் போட்டு, கடைசியில் உருக்கி ஆறிய 100 கிராம் வெண்ணெயை ஊற்றிக் கலக்கி அரைமணி நேரம் மூடி வையுங்கள். மாவு நீரை இழுத்துக்கொள்ள இந்த அரைமணி நேரம் வேண்டும். அவசரப்பட்டால் வாஃபிள் கிழியும். ஏலக்காயைக் கண்டு இது நம் வழக்கத்துக்காகச் சேர்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். நார்வே அடுமனைகளில் ஏலக்காய் நெடுங்காலமாகவே புழங்குகிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் செய்யும் உலர்திராட்சை ரொட்டியிலும் ஏலக்காய் மணக்கும். அதன்மேல் வெண்ணெயும் புரூனோஸ்ட் சீவலும் வைத்துத் தின்பது அங்கே ஒரு வழமை.

அங்குள்ள வாஃபிள் வார்ப்பு ஐந்து இதயங்கள் ஒன்றாகச் சேர்ந்த பூப்போல இருக்கும். மொறுமொறுப்பாக எடுக்காமல், பொன்னிறமாகி இன்னும் வளையக்கூடிய மென்மையில் எடுத்துவிட வேண்டும். எடுத்தவுடன், ஆவி பறக்கும்போதே, இரண்டு சீவல்களை மேலே போட்டு மடித்துவிடுங்கள். அரை நிமிடத்தில் சீவலின் ஓரங்கள் பளபளத்து இளகி, வாஃபிளின் குழிகளுக்குள் இறங்கத் தொடங்கும். நடுப்பகுதி இன்னும் உறுதியாக இருக்கும். அந்தக் கணத்தில் கடிக்க வேண்டும். புளிப்புப் பாலேடும் ஜாமும் வைத்துத் தின்பது இன்னொரு முறை. சிலர் மூன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். அது எனக்குக் கூட்டம் அதிகமாகத் தோன்றுகிறது.

கேள்வி: பீட்சாவின்மேல் துருவிப் போட்டேன், இழையாக இழுபடாமல் கொப்பளித்துக் கருகிவிட்டது. காளான் சாஸில் சேர்த்தேன். அது மணல்போல் நறநறத்தது. இதைச் சமையலில் சேர்க்கவே கூடாதா?
— வாசகர், கிறிஸ்டியான்சாண்ட்

பதில்: சேர்க்கலாம், ஆனால் இரண்டு இடத்திலும் அதன் இயல்புக்கு எதிராக நீங்கள் வேலை வாங்கியிருக்கிறீர்கள். பீட்சாவில் நூல்போல் இழுபடுவது கேசின் புரதத்தின் வலைப்பின்னல். மேலே சொன்னபடி, அந்தப் புரதத்தின் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே வேறு கட்டியோடு போய்விட்டது. புரூனோஸ்ட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும். அதிகச் சூட்டில் சர்க்கரை என்ன செய்யுமோ அதைத்தான் அது செய்தது. சூளை அடுப்பின் மேல்தணலுக்கு அடியில் இதைத் தனியே வைக்காதீர்கள்.

சாஸ்தான் இதற்குரிய இடம். நார்வேயில் கலைமான் (ரெயின்டீர்) இறைச்சி, காட்டுப்பறவைகள் போன்ற வேட்டை இறைச்சிக்கான பழுப்பு சாஸில் ஒரு துண்டு புரூனோஸ்ட் போடுவது வெகு சாதாரணம். மெல்லியதாகச் சீவிய கலைமான் இறைச்சியைக் காளானோடும் புளிப்புப் பாலேட்டோடும் குழைய வேகவைக்கும் ஃபின்பிஃப் என்ற உணவில், ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரின் நசுக்கிய சிறு பழங்களும் இந்தக் கட்டியும் சேரும்போதுதான் அந்தக் குழம்பு நிறைவடைகிறது. பக்கத்தில் புளிப்பான சிவப்புத் தித்தேபார் பழம் வைப்பார்கள். இறைச்சி சாப்பிடாதவர்கள் காளானோடு இதே சாஸைச் செய்துகொள்ளலாம். நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். 300 கிராம் காளானை 25 கிராம் வெண்ணெயில், ஈரம் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிக் கிளறி, காய்கறி வேகவைத்து வடித்த சாற்றை 3 டெசிலிட்டர் ஊற்றி, நான்கு ஜூனிப்பர் பழங்களை நசுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். அடுப்பைத் தணித்து ஒன்றரை டெசிலிட்டர் பாலேட்டைச் சேர்த்த பிறகு, 40 கிராம் புரூனோஸ்ட்டைத் துருவி, சிறிதுசிறிதாகத் தூவிக் கலக்குங்கள். துருவலாகப் போட்டால் அது நொடியில் கரையும். துண்டாகப் போட்டால் அடியில் போய் ஒட்டும். உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

நறநறப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு சொட்டு சாஸை வெந்நீரில் விட்டுக் கலக்குங்கள். நறநறப்பு கரைந்துபோனால், சாஸ் அளவுக்கு மீறி வற்றியதால் பால்சர்க்கரை மறுபடியும் படிகமாகியிருக்கிறது. கொஞ்சம் சூடான சாற்றை ஊற்றிக் கம்பிக் கரண்டியால் அடித்தால் சரியாகிவிடும். கரையாமல் வெண்துகள்களாக மிதந்தால், புளிப்புப் பாலேடு கொதியில் திரைந்துவிட்டது என்று பொருள். வடிகட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. புளிப்புப் பாலேடு பயன்படுத்தினால் அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். அளவைப் பொறுத்தவரை, சாப்பிடுபவருக்கு “இதில் என்னவோ இருக்கிறது” என்று தோன்ற வேண்டுமே தவிர, “இதில் புரூனோஸ்ட் இருக்கிறது” என்று தெரியக்கூடாது. நாற்பது கிராமை எண்பதாக்கினால் காளான் பாயசம்தான் கிடைக்கும்.

இனிப்பு வகையில், 2 டெசிலிட்டர் பாலேட்டில் 100 கிராம் துருவலைச் சிறு தீயில் கரைத்தால், ஐஸ்கிரீமுக்கும் சுட்ட பேரிக்காய்க்கும் ஊற்றத்தக்க ஒரு கேரமல் சாஸ் ஐந்து நிமிடத்தில் தயார்.

கேள்வி: வீட்டிலேயே செய்ய முடியுமா? பால் திரைத்துப் பன்னீர் எடுத்த பிறகு மிஞ்சும் நீரைக் காய்ச்சிப் பார்த்தேன். புளிப்பாக ஒரு பசைதான் வந்தது.
— வாசகி, ஓலெசுண்ட்

பதில்: முடியும், ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட நீர் அதற்குரியதல்ல. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரைத்த நீரில் புளிப்பு தங்கிவிடுகிறது; காய்ச்சக் காய்ச்ச அந்தப் புளிப்பும் செறிவாகிறது. அதோடு, பாலைக் கொதிக்கவைத்துத் திரைக்கும்போது தெளிநீரில் இருந்திருக்க வேண்டிய புரதங்களும் பன்னீரோடு சேர்ந்து போய்விடுகின்றன. வினைபுரியப் புரதம் இல்லாததால் நிறமும் சரியாக வராது. உறைபொருள் விட்டு, இளஞ்சூட்டில் திரைத்த பாலின் இனிப்பான தெளிநீர்தான் வேண்டும்.

5 லிட்டர் தெளிநீரை அகன்ற, அடி கனத்த பாத்திரத்தில் கொதிக்கவைத்து, முதல் கொதியில் எழும் நுரையை எடுத்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள், அதில்தான் புரதம் இருக்கிறது. நான்கைந்து மணி நேரத்தில் நீர் வற்றிப் பாயசப் பதம் வரும்போது அந்த நுரையையும் இரண்டரை டெசிலிட்டர் பாலேட்டையும் சேர்த்து, தீயைக் குறைத்து, இனிமேல் கரண்டியைக் கையிலிருந்து வைக்காமல் கிளற வேண்டும். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்து மறைகிற பதத்தில் இறக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, இறுகும் வரை அடித்துக் கலக்கி, எண்ணெய் தடவிய கிண்ணத்தில் அமுக்கிவிடுங்கள். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். பொறுமை தீர்ந்து கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டாலும் நட்டமில்லை. ரொட்டியில் தடவும் பதத்திலுள்ள அதற்கு நார்வேயில் ப்ரிம் என்று பெயரே இருக்கிறது. எனக்கு முதல் இரண்டு முறையும் ப்ரிம்தான் வந்தது.

கேள்வி: நான் சைவம்; அம்மாவுக்குச் சர்க்கரை நோய்; அக்காவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் யார் சாப்பிடலாம்?
— வாசகி, ட்ராம்மென்

பதில்: தெளிநீர் எந்தப் பாலாடைக்கட்டியிலிருந்து வந்ததோ, அதைத் திரைக்கப் பயன்பட்ட உறைபொருள் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரிலிருந்து எடுத்ததா என்பதைப் பொறுத்தது உங்கள் கேள்விக்கான பதில். உறையில் அது தெளிவாக இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள். அம்மாவைப் பொறுத்தவரை, சர்க்கரை சேர்க்கவில்லை என்பதை வைத்து ஏமாறக்கூடாது. பால்சர்க்கரையும் சர்க்கரைதான், கொழுப்பும் அதிகம், 100 கிராமில் ஏறத்தாழ 450 கிலோ கலோரி இருக்கிறது. சுமார் 10 கிராம் எடையுள்ள ஒரு சீவலை அவருடைய உணவுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதை அவருடைய மருத்துவர் சொல்வார். பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாத அக்காவுக்கு, சாதாரணப் பாலாடைக்கட்டிகளில் பல ஒத்துக்கொண்டாலும் இது ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும். முற்றிய கட்டிகளில் பால்சர்க்கரை ஏறக்குறைய இல்லை, இதிலோ அதுவே முதன்மையான பொருள்.

கேள்வி: புரூனோஸ்ட் ஏற்றிய லாரி தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததாகப் படித்தேன். கட்டுக்கதையா?
— வாசகர், பூடோ

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே நடந்த உண்மைச் செய்தி. 2013 ஜனவரியில், நூர்லாண்ட் மாவட்டத்தின் டீஸ்ஃபியோர்ட் பகுதியிலுள்ள ப்ராட்லி சுரங்கப்பாதைக்குள் 27 டன் புரூனோஸ்ட்டுடன் சென்ற லாரி தீப்பிடித்தது. ஓட்டுநர் தப்பிவிட்டார், யாருக்கும் காயமில்லை. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த சரக்கு உருகி எண்ணெய்போல எரிந்ததால் தீ சில நாள்கள் அடங்கவில்லை. பாதையும் பல வாரங்கள் மூடிக் கிடந்தது. பீட்சா கருகியதாக எழுதிய கிறிஸ்டியான்சாண்ட் வாசகர் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

கேள்வி: பாதி தீர்ந்த கட்டியின் வெட்டுமுகம் காய்ந்து கறுத்துவிட்டது, மேலே வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன. எறிந்துவிடலாமா?
— வாசகி, ஹாமர்

பதில்: புள்ளியை விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடிபோல உதிர்ந்து மணமில்லாமல் இருந்தால் அது பால்சர்க்கரைப் படிகம், தீங்கில்லை. பஞ்சுபோல மென்மயிர் தெரிந்தாலோ, பூசண வாடை வந்தாலோ எறிந்துவிடுங்கள். காய்ந்த முகத்தை மெல்லியதாக ஒரு சீவு சீவி நீக்கினால் உள்ளே பழைய நிறம் தெரியும். இனிமேல் வெட்டுமுகத்தோடு ஒட்டும்படி தாளை இறுக்கி மடித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். உறையவைத்தால் கெடாது, ஆனால் உதிரியாகிவிடும். பிறகு சீவ வராது, சாஸுக்குத்தான் ஆகும். சீவ முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்ட கடைசிக் கடினத் துண்டையும் துருவி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது கிராம் சேர்ந்ததும் மேலே சொன்ன காளான் சாஸைச் செய்துவிடலாம்.